ஒன்பது நொடி

மே மாதம். சர்ஜாபூர் சாலையில்
பிள்ளைகள் இல்லாத பள்ளி.
நாலாம் வகுப்பு நாற்காலிகளில் முழங்கால் இடிக்க
பதினொரு பேர் உட்கார்ந்திருக்கிறோம்,
மேல்வகுப்புக்கு ஸ்பானிஷ் எப்படிச் சொல்லித்தருவது என்று
நான்கு நாளில் கற்றுக்கொள்ள.

சுவரில் ஏதோ ஒரு குழந்தை வரைந்த செரிமான மண்டலம்.
லவீனா பிண்டோ புரொஜெக்டரை அதன்மேல் திருப்புகிறார்.
இரைப்பைக்குள் வினைச்சொற்கள் விழுகின்றன.

எங்கே படித்தீர்கள் என்று முதல் நாள் கேட்டார்.
ஸ்வாகதா, சலமான்காவில் இரண்டு வருடம்.
ஜோஸ்மோன், டெல்லியில் எம்.ஏ.
நான், மாரத்தஹள்ளியில், இரவு ஷிஃப்டில்.
மெக்சிகோ வங்கி ஒன்றின் கடன் அட்டைக்கு
ஏழு வருடம் பதில் சொன்னேன்.
மன்னிப்புதான் நான் கற்ற முதல் வாக்கியம்.
இன்றும் பதினாறு வயதுப் பிள்ளைகளை
உஸ்தெத் என்றுதான் அழைக்கிறேன்,
பாக்கி வைத்தவர்களை அழைத்த அதே மரியாதையோடு.

இரண்டாம் நாள் முழுக்க ‘இருப்பது’.
ஸ்பானிஷில் அதற்கு இரண்டு வினை.
தன்மைக்கு ஸேர், நிலைமைக்கு எஸ்தார்.
நமக்கு நான் டீச்சர் என்றால் போதும்,
வினையே வேண்டாம்.
கன்னடத்திலும் அப்படித்தான் என்றாள் ஸ்ருதகீர்த்தி.
டீ நேரத்தில் காதருகே வந்து கேட்டாள்:
பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவள்
எதைச் சொல்வது?
ஸேர்தான். இலக்கணம் அப்படி.
எச்.ஆரைக் கேட்காமலே
நம்மை நிரந்தரமாக்கிவிடுகிறது.
அவள் சிரித்த சிரிப்பில்
பிஸ்கட் பாதி டீயில் விழுந்தது.

மூன்றாம் நாள் மதிப்பெண் போடப் பழகினோம்.
ஒரு மாணவியின் குரல். பெயர் இல்லை, எண் மட்டும்.
தன் ஊரையும் ஸ்பானிஷ் பேசும் ஓர் ஊரையும்
இரண்டு நிமிடம் ஒப்பிட வேண்டும்.
பெல்லந்தூர் ஏரி நுரையில் தொடங்கினாள்.
‘நாய்’க்கும் ‘ஆனால்’க்கும் நடுவில் இருக்கும் அந்த ர
அவளுக்குச் சுலபமாக உருண்டது.
ஏரி மட்டும், என்று சொல்லி
நின்றுவிட்டாள்.

ஒன்று.
மின்விசிறி.
மூன்று, நான்கு.
யாரோ வாளியை வைக்கும் சத்தம்,
ஒலிப்பதிவிலா, வெளியிலா.
ஏழு.
கால் சென்டரில் இதை டெட் ஏர் என்போம்.
ஐந்து நொடி தாண்டினால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.
எதையாவது சொல்லு பெண்ணே, எதையாவது.
ஒன்பது.
உபியேரா, என்றாள்.

நடக்காமல் போனவற்றுக்கென்று
அந்த மொழி ஒதுக்கிவைத்திருக்கும் அறை அது.
இருந்திருந்தால் என்று நாம்
மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறோம்.
அவளுக்குப் போய்ச் சேர ஒன்பது நொடி.
அதற்குப் பிறகு ஆண்பால் பெண்பால் இரண்டு இடத்தில் தப்பு,
நேரம் முடிந்து வாக்கியம் அறுந்தது.

விரல்களால் காட்டச் சொன்னார்.
இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு.
என் கையில் நான்கு.
‘நீண்ட இடைவெளிகள் புரிதலைத் தடுக்கின்றன’ என்று
இரண்டாம் கட்டத்தில் அச்சிட்டிருக்கிறது.
எனக்கு எதுவும் தடைபடவில்லை என்றேன்.
“அது ஆதாரம் இல்லை. அது நீங்கள்.”
லவீனா கடுமையாகச் சொல்லவில்லை.

அதிகாரபூர்வ விடை மூன்று.
ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஏற்பார்களாம்.
ஆக, எல்லோரும் சரி.
விரல்களை மடக்கிக்கொண்டோம்.

நாலு மணிக்கு மழை. கரண்ட் போனது.
செரிமான மண்டலம் மறுபடி தெரிந்தது.
வீட்டுப்பாடம்: சொந்தக் குரலை இரண்டு நிமிடம் பதிந்து
ஐந்துக்கு எத்தனை என்று நீங்களே போடுங்கள்.

இப்லூர் சிக்னலில், பஸ்ஸில் நின்றபடி
போனை வாயருகே வைத்தேன்.
சிவப்பு விளக்கு நூற்று நாற்பதிலிருந்து இறங்குகிறது.
அந்த இரவுகள் மட்டும் இல்லாமல், என்று
ஸ்பானிஷில் ஆரம்பித்து
நின்றேன்.
பக்கத்துப் பையன் நிமிர்ந்து பார்த்தான்.
ஒளகே ஹோகி, ஒளகே ஹோகி என்கிறார் கண்டக்டர்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.