வில்லுக்கு எந்தப் பக்கம்

மாசியில் ஏரி முழுக்க வெடிப்பு.
சாக்கில் வைக்கோலை அடைத்து
சீமைக் கருவேலத்தில் கட்டியிருந்தோம்.
முப்பது தப்படி.

நான் மூன்று விரல்காரி.
ஆள்காட்டி அம்புக்கு மேலே,
நடுவிரலும் மோதிர விரலும் கீழே.
உதட்டோரம் வரை இழுத்து
பிடித்திருப்பதை மறந்தால் போதும்,
அம்பு போய்விடும்.
மறக்கத்தான் வருவதில்லை.
தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில்
வாரம் ஆறு நாள்
கூட்டை நசுக்கிப் பார்த்து விலை கேட்கிற விரல்கள்.
ஒன்றையும் சுலபத்தில் விடாது.

ஜபீனுக்குக் கட்டைவிரல்.
எருமைக் கொம்பில் ஒரு வளையம்,
குமாரசாமிப்பேட்டையில் அரம் வாங்கி
அவளே ராவியது.
நாணைக் கட்டைவிரலால் கொக்கி போட்டு
நகத்தின் மேல் ஆள்காட்டியைப் பூட்டுவாள்.
இழுப்பு காதைத் தாண்டிப் போகும்.
திறப்பது ஒரே பூட்டு என்பதால்
விடும்போது மூன்று பேர் சம்மதம் வேண்டியதில்லை.
என் அம்பு வில்லுக்கு இடப்பக்கம் உட்காரும்,
அவளுடையது வலப்பக்கம்.

கட்டைவிரல் என்றாலே
அவள் ஆபீசில் அந்த அறுத்துக் கொடுத்த கதையை எடுப்பார்களாம்.
"எனக்கு குருவும் இல்லை, காணிக்கையும் இல்லை,
வளையம்தான் ஒரு சைஸ் பெரிசு" என்பாளாம்.

டெம்போ ஓட்டும் முனிரத்தினம்
சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்.
கடலைத் தொலியை ஊதிவிட்டு
அம்பின் வாலை உப்புக் கிள்ளுவதுபோல் கிள்ளினான்.
கனத்த வில்லில் அது நிற்காது,
வழுக்கிவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள்
சாக்கின் நடுவில் அம்பு.
அதற்குப் பிறகு வில்லைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான்.

சண்டை வந்தது இதில்தான்:
கரையில் நிற்கும் வேடியப்பன்
எந்தப் பிடி?

பொழுது சாய, செல்போன் வெளிச்சத்தைப்
பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம்.
நாணை இழுக்கும் கை ஒரு முட்டி, அவ்வளவுதான்.
சிற்பிக்கு விரல் கணக்கு தேவைப்படவில்லை.
"அம்பைப் பார்" என்றாள் ஜபீன்.
"வில்லுக்கு முன்னால் போனால் நான்,
பின்னால் மறைந்தால் நீ."

வில்லும் அம்பும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில்
யாரோ பல வருஷம்
அரிவாள் தீட்டியிருக்கிறார்கள்.
கட்டைவிரல் படுக்கிற அளவுக்கு வழவழப்பான பள்ளம்.
ஜபீன் விரலை வைத்துப் பார்த்தாள்.
நானும் வைத்தேன்.

முனிரத்தினம்தான் கேட்டான்,
"இவன் மேல குத்தியிருக்கிறதை எவன் விட்டான்?"

மஞ்சளுக்கு அடியில்
இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று,
கழுத்துக்குக் கீழே ஒன்று.
இத்தனை நேரம் எண்ணாமலே நின்றிருக்கிறோம்.
எய்தவன் இருக்க அம்பை ஏன் நோக வேண்டும் என்பார்கள்.
இந்தக் கல்லில் எய்தவன் இல்லை.
அவன் மூன்று விரலா, கட்டைவிரலா,
உப்புக் கிள்ளியா,
அன்று காலையில் எதை நசுக்கிப் பார்த்து விலை கேட்டான்,
ஒன்றும் இல்லை.
தைத்தது மட்டும் ஆழமாகச் செதுக்கியிருக்கிறது.

திரும்பி வந்து
சாக்கில் இருந்த அம்புகளைப் பிடுங்கினோம்.
முனைக்குப் பக்கத்தில், முட்டி மடக்கி,
ஒரு கை சாக்கை அழுத்த.
பிடுங்குவதற்கு
மூன்று பேருக்கும் ஒரே பிடிதான்.

ஒரு அம்பு மரத்துக்குள் போய்விட்டது.
அது என்னுடையது.
திங்கட்கிழமை ஏலத்துக்கு
வீங்கிய விரலோடுதான் போனேன்.