முப்பது கிலோ

வெள்ளிக்கிழமை காலை ஆறரை.
வாதி கபீரில் ஹிலாலின் டயர் கடை.
ஷட்டரைப் பாதிதான் ஏற்றுவான்;
குனிந்து நுழைகிறோம், ஆளுக்கொரு சாமானோடு.
ஜும்ஆவுக்கு முன்னால் காட்டி முடித்துவிட வேண்டும்.

எங்களில் யாரும் தச்சர் இல்லை.
சங்கிலிமுத்துவுக்குத் துறைமுகத்தில் கிரேன்.
பியூலா டயாலிசிஸ் வார்டிலிருந்து நேரே வருகிறாள்,
ராத்திரியை இன்னும் கண்ணில் வைத்துக்கொண்டு.
மொகுதூம் காக்காவுக்கு அத்தர் மொத்த வியாபாரம்.
நான் கப்பல் கம்பெனியில்
அடுத்தவர் தாமதத்துக்குக் காசு கணக்கிடுகிறவன்.

மரம் எல்லாம் பேலட்தான்.
பக்கவாட்டில் எச்.டி. என்று சுட்டிருந்தால் எடுக்கலாம்,
எம்.பி. என்றால் விஷப்புகை போட்டது, தொடாதே.
டைல்ஸ் சுமந்து வந்த பின்லாந்துப் பைன்,
மோட்டார் சுமந்து வந்த ஏதோ ஒரு சிவப்பு மரம்.
இழைத்தால் மிளகு வாசம்; பெயர் தெரியாது.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி:
செய்தவரே முதலில் குறையைச் சொல்ல வேண்டும்.

"அறையில ஆறு பேர், ஆறு தட்டு வச்சேன்.
செருப்பு ஸ்டாண்டை முடிச்ச அன்னைக்கு
ஏழாவது ஆள் பெட்டியோட வந்து நிக்கான்."

"இழுப்பறை ஆகஸ்டுல திறக்காது,
ஜனவரியில நிக்காது.
அத்தர் தடவியும் பாத்துட்டேன்.
மணக்குது. நகரல."

பியூலாவின் மாத்திரைப் பெட்டிக்கு ஏழு அறை.
வியாழன் மட்டும் சிறுத்துவிட்டது.
"வியாழக்கிழமை யாருக்கும்
ரெண்டுக்கு மேல எழுதாதீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லணும்."

என் ஸ்டூல் ஆடியது.
ஒரு காலை அறுத்தேன், மறுபக்கம் ஆடியது.
அதையும் அறுத்தேன்.
நாலு வாரத்துக்கு முன்பு உயரமாக இருந்தது
இப்போது மணை என்று சொன்னால் நம்புவார்கள்.
"முக்காலி செஞ்சிருக்கலாமே, அது ஆடாது" என்றான் சங்கிலி.
இதை அவன் முக்காலும் சொல்லிவிட்டான்.

தவசீலன் கடைசியாகப் பையைத் திறந்தார்.
கால், கை, முதுகு, எல்லாம் தனித்தனிப் பலகை.
ஓர் ஆணி இல்லை.
துளைக்குள் நாக்கு, நாக்குக்குக் குறுக்கே ஆப்பு,
நாலு தட்டு.
சாய்வு நாற்காலி எழுந்து நின்றது.
ஹிலால் கேட்காமலே போய் உட்கார்ந்தான்.

"குறை?" என்றாள் பியூலா.

தவசீலன் தூக்குத் தராசை எடுத்தார்.
"பதினெட்டரை. எனக்கு முப்பதுதான் விடுவாங்கள்.
விசா முடிஞ்சுது. புதன்கிழமை போறன்.
மிச்சப் பதினொண்டரைக்குள்ள
பதினாறு வருஷம் அடங்காது."

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.
சங்கிலி நாற்காலியைக் கவிழ்த்தான்.
"இருக்கைக்கு அடியில இவ்வளவு கனம் எதுக்கு?"
பியூலா பின்கால்களின் உட்புறத்தைச் செதுக்க உட்கார்ந்தாள்.
காக்கா கைப்பிடிக்கு அடியில்.
எனக்கு உப்புத்தாள்தான் கொடுத்தார்கள்,
ரம்பம் கேட்டும் தரவில்லை.
இழைப்புளி போகப் போகச் சுருள் சுருளாக
மிளகு வாசம் ரப்பர் வாசத்தை மூடியது.
நடுநடுவே தராசு. பதினேழே முக்கால். பதினேழு.
பாங்கு சொன்னபோது பதினாறு முந்நூறு.
"போதும்," என்றார் அவர், "இதுக்கு மேல சுரண்டினா
என்னைத் தாங்காது."

சனிக்கிழமை ஒரு லேண்ட்குரூஸர் எண்ணெய் ஒழுகிய இடத்தில்
அந்தச் சுருளை எல்லாம் ஹிலால் கொட்டிப் பரப்பினானாம்.
கூட்டும்போது கண்டெடுத்தது:
ஆப்பு ஒன்று, டயர் அடுக்குக்கு அடியில்.

வியாழன் இரவு செய்தி வந்தது:
"எக்ஸ்ரேயில மறிச்சு என்னெண்டு கேட்டாங்கள்.
கதிரை எண்டன். பூட்டிக் காட்டச் சொன்னாங்கள்.
பூட்டேக்கதான் பாத்தன், ஒரு ஆப்பைக் காணேல்லை.
பென்சிலை முறிச்சுச் செருகினன்.
ஆபிசர் இருந்து பாத்திட்டு விட்டிட்டார்.
இஞ்ச வந்து வேம்பில ஒண்டு சீவிட்டன்."

மிஞ்சிய ஆப்பை
என் ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன்.
இன்னும் ஆடுகிறது,
முன்னளவு இல்லை.
வெள்ளிக்கிழமை குறை சொல்ல
அது போதும்.