பிரேக் கத்தும் சைக்கிள்

இந்த வருஷப் பட்டியலில் ஃபிடென்சியோ இல்லை.
முதலாளி பேர் சொல்லிக் கேட்டால்தான்
எங்களுக்கு விமானச் சீட்டு.
போன செப்டம்பரில் மணிக்கட்டு வீங்கியது,
நர்ஸிடம் போய்க் காட்டினான்.
நடந்தது அவ்வளவுதான்.

அவன் கட்டிலில் இப்போது ட்லாக்ஸ்கலாப் பையன் ஒருவன்,
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான்.
அவன் சைக்கிள் எனக்கு.

நீலம். பின்பக்கம் மட்கார்டு கிடையாது.
சீட்டுக்கு அடியில் ஆணியால் கீறிய பேர்கள்:
ஹசிந்தோ, வெறும் சிலுவை ஒன்று,
ரெமிஹியோ, ஃபிடென்சியோ.
அவன் என்னைவிடக் குள்ளம்.
சீட்டை உயர்த்தியபோது துருவுக்குள்ளிருந்து
மூன்று விரல் அகலத்துக்கு
புத்தம் புதுக் குழாய் வெளியே வந்தது.
ஒருத்தர் வேர்வையும் படாதது.

காலை ஆறிலிருந்து கண்ணாடிக் கூரையின் கீழ்
நாற்பத்தேழாவது வரிசை.
தக்காளிக் கொடியைக் கயிற்றோடு இறக்கு, சாய், மறுபடி கட்டு.
பத்து மீட்டருக்கும் மேல் போகும் ஒரு கொடி.
வேர் ஒரு மூலையில், காய் எங்கேயோ.
இதை வைத்து யாரும் உவமை சொல்ல வேண்டாம்.
இடுப்பு வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை டவுனுக்கு எட்டு கிலோமீட்டர்.
பணம் அனுப்பும் ஜன்னலில் நின்று, கோழிக்கால் வாங்கி,
காய்ந்த மிளகாய் வாங்கி, திரும்பும்போது இருட்டிவிடும்.
ரோட்டின் இரு பக்கமும் மக்காச்சோளம்,
ஆள் உயரத்துக்கும் மேலே.
ஒன்டாரியோவுக்கு வந்த முதல் வருஷம்
இதைப் பார்த்துத்தான் மனசு கொஞ்சம் ஆறியது.
பிறகு சொன்னார்கள்: பாதி மாட்டுக்கு,
மீதி காருக்கு ஊற்றும் எண்ணெய்க்கு.
நம்பாமல் ஒரு கதிரை ஒடித்துக் கடித்தேன்.
கல்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டேன்.
செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறானாம், இடது கையால்.
பட்டியல் பேச்சை அவனும் எடுக்கவில்லை.
"பிரேக் இன்னும் கத்துதா?"
"பன்றி மாதிரி."
"சர்ச் வளைவில் பார்த்துப் போ, மணல் கிடக்கும்."
அவன் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
என் பக்கம் ஃபிரிட்ஜ் முனகியது.
"அதை வித்தா என்ன தேறும்?" என்றான்,
சும்மா கேட்கிற மாதிரி.
"நாற்பது டாலர்."
பதினைந்துகூடத் தேறாது.
அடுத்த வெள்ளி நாற்பது அனுப்பினேன்.
வந்ததாக அவன் சொல்லவில்லை,
வந்ததா என்று நானும் கேட்கவில்லை.

பிரேக் கட்டை மாற்ற எட்டு டாலர்தான்.
மாற்றவில்லை.
லாரிக்காரன் காதில் அது விழாது, தெரியும்.
இருந்தாலும் அந்த வளைவில், அந்த இருட்டில்,
இங்கே ஓர் ஆள் வருகிறான் என்று
இந்த ஊருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல
என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.

ஆணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.
இன்னும் கீறவில்லை.
நவம்பர் ஆகட்டும்.