இடது பூட்ஸ்

காய்ச்சல் விட்டுப் பதினெட்டாம் நாள்
இடது கால் பூட்ஸுக்குள் போகவில்லை.
வலது கால் போனது.
மழைக்கு வாங்கிய ரப்பர் பூட்ஸ்,
சுருங்கிவிட்டதென்று அதைத்தான் திட்டினேன்.

பூம்பாறையில் அந்த ஐப்பசியில்
இருமாத வீடு இல்லை.
பன்னிரண்டு நாள்
இரண்டு கம்பளிக்குள் கிடந்தேன்.
மேகம் படியேறி வந்து
வாசலில் நின்றுவிட்டுப் போகும்.
பதின்மூன்றாம் நாள் ரசம் ருசித்தது.
"பிழைச்சுக்கிட்டே" என்றாள் வேலுத்தாய்.

உடனே பிக்கப்பை எடுத்தேன்.
முப்பத்திரண்டு மூட்டை பூண்டு.
வடுகபட்டிக்கு இறங்க நாலு மணி நேரம்,
சரக்கு இறக்கக் காத்திருந்தது மூணு,
மழை என்பதால் அதுவும் சீட்டிலேயே.
திரும்பி ஏற நாலரை.

கெண்டைக்காலில் ஒரு கயிறு இறுகியது.
கிளட்ச் மிதித்த வலி என்றேன் நான்.
மூட்டை உரசியிருக்கும் என்றான் பாக்கியநாதன்.
அட்டைக்கடி என்றது டீக்கடை.
சுளுக்கெடுக்க எண்ணெயோடு வந்தவரை
வேலுத்தாய் வாசலிலேயே நிறுத்தினாள்.
"சூடா இருக்கு, பளபளன்னு இருக்கு,
எனக்குப் பிடிக்கலை."
பொட்டலம் கட்டிய நூலைப் பிரித்து
இரண்டு கெண்டையையும் சுற்றி அளந்து
இரண்டு முடிச்சுப் போட்டாள்.
இரண்டு விரற்கடை வித்தியாசம்.

அதற்குப் பிறகும் தோட்டத்துக்குப் போனேன்,
ஆம்பிளை.
மூன்றாவது படிவயலில் மூச்சு நின்றது.
இழுத்தால் பாதியில் விலாவில் ஒரு முள்.
நாற்பத்தொரு வருஷம் ஏறிய மேடு அது.

கொடை அரசு ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஷஃபீக்கா விரலில் கிளிப் மாட்டினார்,
காலைப் பார்த்தார், கேட்டார்:
"சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?"
"அது போயிருச்சு டாக்டர்."
"கிருமி போயிருச்சு.
ரத்தத்துக்குச் சேதி இன்னும் போய்ச் சேரலை.
சண்டைக்கு நின்னவாக்குல நிக்குது, கெட்டியா.
நீங்க வேற அசையாம கிடந்திருக்கீங்க."

ஆயிரம் தடவை இறங்கிய பாதையில்
முதல்முறை படுத்துக்கொண்டு இறங்கினேன்.
வளைவுகளை முதுகால் எண்ணினேன்.
அருவி இரைச்சல் ஒரு காதில் வந்து
மறு காதில் போனது.
பெருமாள்மலை தாண்டியும் பூண்டு வாசனை விடவில்லை.
என் சட்டைதான்.

தேனியில் தொடையெல்லாம் குளிர்ந்த பசை.
திரையில் என் ரத்தம்
சிவப்பாயும் நீலமாயும் ஓடியது.
முழங்காலுக்குப் பின்னால் ஓரிடத்தில் ஓடவில்லை.
ஸ்கேன்காரப் பையன் அழுத்திப் பார்த்தான்.
அமுங்க வேண்டிய நரம்பு அமுங்கவில்லை.
அடுத்த அறையில், வேறொரு யந்திரத்தில்,
அதிலிருந்து கிளம்பிய ஒரு துண்டை
நெஞ்சுக்குள் கண்டார்கள்.

பூண்டு ரத்தத்தை இளக்கும் என்று சொல்லிச் சொல்லி
இருபது வருஷம் விற்றவன் நான்.
அதையும் கேட்டுவைத்தேன்.
பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.
"குழம்புல போடுங்க.
கட்டி வளராம இருக்கத்தான் ஊசி.
கரைக்கிறதை உடம்பு மெதுவா பாத்துக்கும்."

பூண்டுப் பல்லை உரிக்கிற விரல்களால்
வேலுத்தாய் என் வயிற்றைக் கிள்ளி
ஊசி போடக் கற்றாள்.
வயிறெங்கும் நாவல்பழம் உதிர்ந்த தரை.
பிறகு மாத்திரை.

கார்த்திகைக் கடைசியில் சோலையோரம்
ஒரு அட்டை ஏறி, குடித்து, உதிர்ந்தது.
சாயங்காலம் வரை ரத்தம் நிற்கவில்லை.
பயந்து, துணியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஒருதரம் துணியை எடுத்துப் பார்த்தபோது
எங்கும் தயங்காமல் இறங்கி வந்துகொண்டிருந்தது.
கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மணிக்கொருதரம் வண்டியை ஓரங்கட்டி
மூன்று சுற்று நடக்கிறேன்.
பின்னால் வரும் பஸ்காரர் தலையை நீட்டி
"பஞ்சரா?" என்கிறார்.
கையை ஆட்டிப் போகச் சொல்கிறேன்.

இரண்டு முடிச்சு விழுந்த நூல்
காலண்டர் ஆணியில் தொங்குகிறது.
ஞாயிறுதோறும் எடுத்து அளக்கிறாள்.
வலது காலையும்தான்.