திருப்பி அனுப்ப ஏழு நாள்

இரண்டும் நாங்குநேரியிலிருந்து ஒரே வண்டியில் வந்தன.
ஒன்று பதினாறாயிரத்துச் சொச்சம்,
மற்றது இருபத்தோராயிரம்.
களக்காட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே
வாழைக்காய் மண்டிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
ஆறடிக்கு எட்டடி என் கடை.
மேசையில் இடம் பற்றாமல்
பிரிண்டரைத் தரையில் இறக்கி வைத்தேன்.

நிறத்தை வைத்துச் சாம்பல், நீலம் என்று கூப்பிட்டேன்.
கம்பெனிப் பேரைச் சொன்னால்
கொழுந்தன் பால்துரை சண்டைக்கு வருவான்.
‘குரோம்புக்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா மைனி?
நெட்டு போச்சுன்னா வெத்தலத் தாம்பாளம்லா அது.’

மூடியைத் திறந்து, எழுத்து விழும்வரை எண்ணினேன்.
சாம்பல் பதினொன்று. நீலம் எட்டு.
மூன்று எண்ணிக்கையில்
டீக்கடைப் பையன் கிளாசைக்கூடக் கீழே வைத்திருக்கமாட்டான்.

நிஜமான சோதனை செவ்வாய்க்கிழமை வந்தது.
பட்டா ஒரு டேப்பில்,
சென்னை வண்டிக்குத் தட்கல் ஒன்றில்,
காற்றில் சாய்ந்த வாழைக்குக் காப்பீடு,
நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம்,
யாரோ ஒருவரின் கரண்ட் பில்.
ஏழாவது திறந்ததும்
சாம்பல் முதலாவதை மறந்துவிட்டது.
திரும்பிப் போனால் வெள்ளை.
உங்கள் மாவட்டம் எது என்று ஆரம்பத்திலிருந்து கேட்கிறது.
திருநெல்வேலி என்று எத்தனை தடவைதான் சொல்ல.
நாலு ஜிபிக்கு அவ்வளவுதான் நெஞ்சு.

நீலம் பன்னிரண்டு திறந்தும் அசரவில்லை.
ஆனால் அதன் கீபோர்டு
நமுத்துப்போன அப்பளம்;
ஒரு ற அடித்தால் இரண்டு விழுகிறது.
உச்சிவெயிலில் வாசல் பக்கம் திருப்பினால்
திரையில் தெரிவது என் முகமும்
எனக்குப் பின்னால் ஏர்வாடி பஸ்ஸும்தான்.
புதன்கிழமை பராமரிப்பு என்று கரண்டை எடுத்தார்கள்.
மூன்றரை மணிக்கு நீலம் படுத்துவிட்டது.
சாம்பல், ஷட்டரை இறக்கும்வரை முழித்திருந்தது.

அன்றைக்குத்தான் பத்மனேரியிலிருந்து கோயில்பிச்சை வந்தார்,
மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கு.
போன் நெட்டில் சாம்பல் சுற்றியது, சுற்றியது,
சின்ன வட்டம்.
அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:
‘எஸ்தர்ம்மா அவ பேரு.
ரேஷன் கார்டுல எஸ்தார்னு போட்டுட்டானுவ.
அந்த ஒத்தக் காலை எடுக்க
இருவது வருசமா நடந்தோம்.
இனியும் எடுக்கணுமாம்மா?’
எடுத்தால்தான் பேங்கில் பணம் தருவார்கள் என்றேன்.
வட்டம் நின்றது.

வியாழக்கிழமை இன்னொருவர், அதே வேலை.
நீலத்தில் போட்டேன்.
அவர் நாற்காலியை இழுப்பதற்குள் தாள் வந்துவிட்டது.
காசைக் கொடுத்தார், பஸ்ஸைப் பிடித்தார்.
இறந்தது அப்பாவா அம்மாவா, எனக்கு ஞாபகமில்லை.

இதை வைத்து
மெதுவான பெட்டிக்குத்தான் மனசு உண்டு
என்று சொல்ல வரவில்லை.
கோயில்பிச்சைக்கு முட்டுவலி.
கடையில் இருப்பது ஒரே நாற்காலி,
அன்று அதில் கைக்குழந்தையோடு ஒருத்தி.
முக்கால் மணி நேரம்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் மனுசன்.

ஏழாம் நாள்
சாம்பலைத் தெர்மக்கோலுக்குள் படுக்கவைத்தேன்.
திருப்பி அனுப்பக் காரணம் கேட்டிருந்தது:
பழுது. உடைந்து வந்தது. நிறம் பிடிக்கவில்லை.
நிறத்தைத் தொட்டேன்.
அந்த நிறம்
எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அனுப்புமுன் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும்.
அழிக்கட்டுமா என்றது, ஆம் என்றேன்.
அதற்கு மட்டும் அது சுற்றவேயில்லை.

நீலத்துக்குத் தனிக் கீபோர்டு ஒன்று,
வண்ணார்பேட்டையில் முந்நூற்றைம்பது.
பால்துரையிடம் இன்னும் சொல்லவில்லை.