குடும்பத்தில் வேறு யாருக்கு

டாக்டரம்மா இருமச் சொன்னார்.
இருமினேன்.
வலது தொடையிடுக்கில் வைத்த அவர் விரலை
உள்ளிருந்து ஏதோ முட்டிவிட்டு
ஒளிந்துகொண்டது.

"குடலிறக்கம். குடும்பத்தில் வேறு யாருக்கு?"

அப்பாவுக்கு என்றேன்.
பெரியப்பாவுக்கு.
அண்ணன் யோகநாதனுக்கு இரண்டு பக்கமும்.
ரேஷன் கார்டைப் படித்துக்காட்டுவதுபோல் இருந்தது.
அத்தைக்கும் இருந்திருக்கலாம்.
அவரை யாரும் இருமச் சொன்னதில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபம் முகாமில் இறங்கியபோது
அப்பாவிடம் ஒரு தகரப்பெட்டி.
சுங்கக்காரர் அதைக் கவிழ்த்து உதறியும்
கண்ணில் படாமல் வந்து சேர்ந்தது
அடிவயிற்றின் இந்த மெல்லிய சுவர்.

டேன்டீ லயத்தில் பதினோரு வருஷம்
லாரி டியூப்பை அறுத்து இடுப்பில் இறுக்கி
சாரத்துக்குள் மறைத்திருந்தார்.
சிரிக்கும்போதுகூட
ஒரு கையைக் கீழே வைத்துக்கொண்டுதான் சிரிப்பார்.
அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

நான் மூட்டை தூக்குகிறவன்.
கேத்தி பாலாடாவில்
மிஷின் கழுவித் துப்பும் கேரட்டை
விடியுமுன் மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றுகிறவன்.
பல்லைக் கடி, தம் கட்டு, தூக்கு:
எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம்.

டாக்டரம்மா அதைத் தலைகீழாகச் சொன்னார்.
தம் கட்டாதீங்க, தூக்கும்போது மூச்சை விடுங்க.
முதுகு வளையக்கூடாது, முழங்கால் மடங்கணும்.
பீடியை விட்டால் இருமலும் விடும்.
கீரை, பழம், நிறையத் தண்ணீர்;
கக்கூசில் முக்கக்கூடாது.
தொப்பை போடாதீங்க.

"இதெல்லாம் செஞ்சா வராதுங்களா?"

பேனாவை மூடினார். திறந்தார்.
"வர்ற வாய்ப்பு குறையும்.
வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன்."

வலைத்துண்டு வைத்துத் தைத்தார்கள்.
கொசுவலைதான்டா என்றான் அண்ணன்.
அவனிடம் இரண்டு இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி பாலாடா.
உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல்.
மூட்டையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன்.
"பிள்ளை பெத்துட்டு வந்திருக்கான்,
பத்தியம் போடுங்கப்பா" என்றார் மேஸ்திரி பெள்ளி.
லாரி மேலிருந்து கீழ்வரை சிரித்தார்கள்.
நான் குனியவில்லை. குந்தினேன்.
உஸ்ஸென்று விட்டுக்கொண்டே எழுந்தேன்.
இத்தனை வருஷம் உள்ளே பூட்டிவைத்திருந்த மூச்சு
அந்தக் குளிரில் வெள்ளையாக
என் முன்னால் போனது.

கூலியும் பாதியாகப் பிரிந்தது.
அதை டாக்டரம்மா சொல்லவில்லை.

வீட்டில் நாலு மாத மகன்.
பாலுக்கு அழுகிறான், காதுவலிக்கு அழுகிறான்,
காரணம் தெரியாமல்
முகம் கறுத்து, முஷ்டி இறுக்கி,
அப்படியே தம் கட்டி அழுகிறான்.
எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள்.
நான் துணியை விலக்கி
தொடையிடுக்கைப் பார்க்கிறேன்.

இன்றுவரை ஒன்றுமில்லை.