மூணு மணி முதல் ஆறு மணி வரை

மீன் வாடையோடு வந்தார் டென்னிசன்.
களியக்காவிளைச் சந்தையில் பெட்டி இறக்குகிறவர்.
வலது கையை இடது கையால் ஏந்தியிருந்தார்,
அடுத்த வீட்டுக்காரி
கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துப் போன
பிள்ளையைப் போல.

கயிறு அறுக்கும் கத்தி, சில்லறை, சிலுவை
எல்லாம் தட்டில் விழுந்தன.
மோதிரம் மட்டும் மாட்டேன் என்றது. சோப்பு போட்டோம்.
இது நாலாவது தடவையாம்.
முதல் மூன்றும் தானே உள்ளே போய்விட்டதாம்.

மூட்டுக்குள் மருந்து ஏற்றி
சாதாரணப் படங்கள் எல்லாம் எடுத்தாயிற்று.
கடைசியில் ஒன்று உண்டு:
கையைத் தூக்கித் தலைக்கடியில் வைக்க வேண்டும்,
மத்தியானச் சோறு தின்றுவிட்டுத்
தோப்பில் மல்லாந்து கிடப்பவனைப் போல.
கிழிந்த சவ்வு அப்போதுதான் இழுபட்டு
வாய் திறக்கும்.

"அப்பிடி வச்சாத்தான் பொறத்த போவும் அக்கா."
முகம் வெளுத்துவிட்டது,
அறுபது கிலோ சூரையைச் சுமக்கிற ஆளுக்கு.
முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தேன்,
பிறகு இன்னொன்று.
நாலு நிமிஷம், அசையக் கூடாது.
கண்ணாடிக்கு இப்பால் நானும் அசையவில்லை.

திரையில்
எலும்புப் பந்தின் பின்மண்டையில் ஒரு பள்ளம்,
வெந்த மரச்சீனியில் பெருவிரல் அமுக்கிய மாதிரி.
கிண்ணத்தின் முன்விளிம்பில் மோதி மோதி வந்தது.
விளிம்பும் சும்மா இருக்கவில்லை.
சி.டி. படத்தில் அதன் மேல் ஒரு வட்டம் வரைந்தேன்,
முழுசாக இருந்தால் எதுவரை வரும் என்று.
வட்டத்துக்குள் எலும்பில்லாத ஒரு பிறை.
இருபத்திரண்டு சதவீதம்.
இல்லாததை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

டாக்டர் இருப்பது திருவனந்தபுரத்தில்.
படம் நொடியில் போய்விடும்,
செக்போஸ்ட்டில் மீன் லாரிதான் நிற்கும்.
ஸ்பீக்கரில் அவர் குரல், மலையாளத்தில்:
கிழிசல், மூணு மணி முதல் ஆறு மணி வரெ.

கிண்ணத்தைக் கடிகாரம் மாதிரி வைத்துத்தான் வாசிப்பது.
சொல்ல வாயெடுத்தேன்.
டென்னிசன் சட்டைக்குள் பாதி நுழைந்தபடி நின்றுவிட்டார்.
"மிசினு எப்பிடி அக்கா அறிஞ்சு?
மூணு மணிக்குத்தான் லோடு வரும்.
ஆறு மணிக்குத் தீரும்."

நான் திருத்தவில்லை.
நோவுள்ள கையை முதலில் நுழைக்கணும் என்று
சட்டையைக் கழற்றி மறுபடி பிடித்தேன்.
நுரை காயாத மோதிரத்தைத்
துடைக்காமல் போட்டுக்கொண்டார்.
"நாளைக்கும் லோடு உண்டு" என்றார்,
என்னிடம் ஏதோ கேட்கிற மாதிரி.